புளிக்குழம்பில் ஒளித்த பேச்சு

இந்தக் கதைக்கு யாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, ஏனென்றால் இது நடந்த பக்கத்தில் காதைத் தீட்டாமலேயே எல்லாருக்கும் எல்லாமும் விழுந்தது. பங்குனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியக் கருக்கலிலிருந்து, கரிசல் காட்டில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்த பன்னிரண்டு ஊர்களிலும், யார் எங்கே நின்று எதைப் பேசினாலும் அது பன்னிரண்டு ஊர்க்காரர் காதிலும் பக்கத்தில் நின்று சொன்னதுபோல வந்து விழ ஆரம்பித்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் விழுந்தது, கிணற்றுக்குள் இறங்கிப் பேசினாலும் விழுந்தது, செல்போனில் வாயைப் பொத்திக்கொண்டு குசுகுசுத்தாலும் விழுந்தது. இது ஏன் வந்தது, எந்தச் சாமி கோபித்தது என்று யாரும் விசாரிக்கவில்லை, விசாரிக்க நேரமில்லை, முதல் நாளிலேயே நாற்பத்தோரு சண்டை.

நாத்தனாரைப் பற்றி மதினி சொன்னது, பங்காளியைப் பற்றிப் பங்காளி சொன்னது, வாத்தியாரைப் பற்றி வாத்தியார் பெண்சாதி சொன்னது என்று அத்தனை வருஷத்துப் புறணியும் ஒரே நாளில் உரியவர் வாசலுக்கு நடந்து வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இன்ன ஊருக்கு வண்டியை எடு என்று சொல்லி முடிக்கும் முன்னே அந்த ஊர்க்காரர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். டீக்கடைகளில் ஈயாடியது, சங்கதி கேட்கக் கடைக்கு வர வேண்டிய அவசியம் ஒழிந்துபோனதால். எழுதிக் காட்டலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள், ஆனால் வாய்க்குள் முணுமுணுக்காமல் எழுதத் தெரிந்த ஆள் அந்தப் பக்கத்தில் நாலு பேர்கூட இல்லை, எழுதியதை உதடு அசையாமல் வாசிக்கத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை.

ஆறு வாரத்தில் பழகிவிட்டது. கேட்கிறவன் யார் யாரென்று கணக்கில் வைத்துக்கொண்டு பேசப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். மருமகள் அடுப்படியில் தனியாக நின்று மாமியாரைப் புகழ்ந்தாள், கடன்காரன் கட்டிலில் படுத்துக்கொண்டு இருமினான், கள்ளன் காட்டுக்குள் உட்கார்ந்து சாமி பேரைச் சொன்னான். பொய் கூடிப்போயிற்று என்று சொல்ல முடியாது. நெசம் எது, மேடையில் பேசுகிற பேச்சு எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் நரிச்செவலில் ஒரு புருஷனும் பெண்சாதியும் அடிப்பிடித்துப்போன உப்புமாவை ஒரே தட்டில் தின்றுகொண்டே சண்டை போட்டார்கள். நடுச் சண்டையில் பன்னிரண்டு ஊருக்கும் அவர்கள் சத்தம் மட்டும் நின்றுபோனது. எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அப்படித்தான் தெரியவந்தது, ஒரே ருசி நாக்கில் நிற்கிற ஆட்களின் பேச்சு அந்த ஆட்களுக்கு மட்டும்தான் கேட்கும் என்று. ஆனால் அப்போது குரல் கழன்றுவிடும். ஆணா பெண்ணா, கிழடா குமரா என்று தெரியாத வெறும் சொல் மட்டும் காதில் வந்து உட்காரும். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், ருசி போய்விடும், பேச்சு மறுபடியும் பொதுவுக்கு வந்துவிடும்.

கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டும் தனிச் சட்டியில் பிரியாணி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். எதிர்க்கட்சிக்காரன் எச்சில் இலைத் தொட்டியில் ஒரு பருக்கையை எடுத்து நக்கிவிட்டு முழுக் கூட்டத்தையும் வீட்டிலிருந்தே கேட்டான். அதே ருசி எவன் நாக்கில் இருந்தாலும் அவனும் உள்ளாள்தான். ஒரு தட்டில் கை நனைக்க முடிந்தவர்களுக்குத்தான் ரகசியம் வாய்த்தது. தூரத்தில் இருக்கிறவர்கள், நடுவில் பகையாளியை வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள், ஊர் கேட்கத்தான் பேச வேண்டியிருந்தது.

நரிச்செவலில் மாவு மில் வைத்திருந்த வெயிலுகந்தாள் அப்படிப்பட்டவள். வெயிலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் இல்லை. ஒரே மகள் முனீஸ்வரியைக் கண்மாய்க்கு அந்தக் கரையில் வாகைப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தாள். மருமகன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். சம்பந்தக்காரி ராஜகனி கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவள். ஐந்நூறு பேருக்கு வைத்த சாம்பாரை ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, பெருங்காயத்தைக் குறைத்தது எந்தக் கை என்று சொல்லுவாள்.

சித்திரையில் கண்மாய் வற்றி மீன்பிடி நாள் வந்தது. இரண்டு ஊரும் சேற்றில் இறங்கியது. வெயிலம்மாவின் தம்பி தவசியும் ராஜகனியின் மூத்த மகன் செல்லத்துரையும் ஒரே விராலுக்குக் கூடையைக் கவிழ்த்தார்கள். இழுத்த இழுப்பில் கூடையின் மூங்கில் சிம்பு செல்லத்துரையின் இடது கண்ணில் ஏறியது. கண் போய்விட்டது. தவசி அன்றைக்கே பன்னிரண்டு ஊருக்கு வெளியே போய் மறைந்தான். அவன் இருக்கும் இடம் அக்காளுக்கு மட்டும் தெரியும், அவள் அதைத் தூக்கத்தில்கூட வாய் திறந்து சொல்லிவிடாதபடி துணியைக் கடித்துக்கொண்டு தூங்கினாள்.

ராஜகனி கத்தவில்லை. உலை வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், பன்னிரண்டு ஊரும் கேட்டது.

"ஏ மதினி, உன் தம்பியை எங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்து. அன்னைக்கு உன் மகள் எங்க படியத் தாண்டுவா. அதுவரைக்கும் பிரசவமும் இங்கதான், பாடையும் இங்கதான்."

முனீஸ்வரிக்கு அப்போது மாசம் ஐந்து. அவள் செல்போனை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டாயிற்று. அன்றிலிருந்து தினம் காலையில் வெயிலம்மா மில்லில் நின்று வைவாள், ராஜகனி அடுப்படியில் நின்று வைவாள், பன்னிரண்டு ஊரும் அதைக் கேட்டுக்கொண்டே பல் விளக்கும். வெயிலம்மா வசவோடு நிற்கவில்லை. ஏழாம் மாசத்தில், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே அனுப்பாவிட்டால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டாள். மகளும் அம்மா எடுத்த ராகத்துக்கு இரண்டு நாள் முனகினாள். ராஜகனி பயந்துதான் போனாள். தானே ஆட்டோ பிடித்து டவுனுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தாள். பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் தலைகீழாக, இருக்க வேண்டியபடி இருந்தது. திரும்பி வந்து பன்னிரண்டு ஊருக்கும் கேட்கச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்போடு அந்த வீட்டு வயிற்றைப் பற்றி யார் எது சொன்னாலும் நம்புகிற காலம் முடிந்தது.

ஒன்பதாம் மாசத்தில் ஒரு நாள் முனீஸ்வரி மெதுவாகச் சொன்னாள். "ம்மா, முட்டுற இடம் மாறிப்போச்சு."

"நாடகம் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு," என்றாள் ராஜகனி.

வெயிலம்மா மில்லை நிறுத்திவிட்டு நின்றாள். மகள் நடிக்கிறாளா, நெசமாகவே சொல்கிறாளா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். சொன்ன சொல் வாகைப்பட்டிக்கும் போய்ச் சேர்ந்ததால் வண்டி கண்மாய்க் கரைக்கு வரும்போது குறுக்கே இரண்டு பனந்தடி கிடந்தது, வண்டி திரும்பிப் போனது. மகளோடு ஒரு நாழிகை, ஊர் கேட்காமல், நெசம் பேச வேண்டும். எந்த வழியில் எந்த நேரத்தில் வெளியே வருவது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ருசி வேண்டும், அந்த ருசி ராஜகனியின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பகையிலும் அந்தப் பக்கத்தில் இரண்டு வழக்கத்தை யாரும் மீறுவதில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தாய் வீட்டிலிருந்து வருகிற சட்டியை மறிக்கக் கூடாது, அது ஒன்று. வந்த சட்டியை வெறும் சட்டியாகத் திருப்பி அனுப்பக் கூடாது, அது இன்னொன்று. ராஜகனியும் இதுவரை மறித்ததில்லை. நக்கிப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவாள், திரும்பி வருகிற சட்டியில் இரண்டு மிளகாய் வற்றலாவது கிடக்கும்.

வெயிலம்மா மூன்று நாள் மாவரைத்துக்கொண்டே யோசித்தாள். நாலாம் நாள் காலையில் மில் வாசலில் நின்று, வசவு ஒன்றும் இல்லாமல், நிதானமாகச் சொன்னாள்.

"முனீசு, கேளு. கேக்குறவங்க எல்லாரும் கேட்டுக்கட்டும், இதுல ஒளிக்க ஒன்னுமில்ல. ஒரு சட்டி புளிக்குழம்பு வச்சுப் பாதிய உனக்கு அனுப்புறேன், பாதி என்கிட்ட இருக்கும். அதுல ஒரு கிண்ணம் எடுத்து, நான் ஒளிச்சு வச்சிருக்கிற பொருள்ல ஒரு கரண்டி போட்டு உனக்கு அனுப்புவேன். நீயும் அதே மாதிரி ஒரு கிண்ணத்துல உன் பொருளை ஒரு கரண்டி போட்டு எனக்கு அனுப்பு. என்னத்தப் போட்டேன்னு என்கிட்டகூடச் சொல்லாத. உன் கிண்ணம் வந்ததும் அதுல நான் என் பொருள் ஒரு கரண்டி போடுவேன், என் கிண்ணத்துல நீ உன் பொருள் ஒரு கரண்டி போடு. ரெண்டு பேர் கையிலயும் ஒரே குழம்பு. நடுவுல நக்குனவ கையில அது கிடையாது."

பன்னிரண்டு ஊரிலும், திருடப் போகிறவன் வழியைச் சொல்லிவிட்டா போவான் என்று சிரித்தார்கள், சிரித்துவிட்டு வீட்டுக்குள் போய் உப்பையும் மஞ்சளையும் போட்டுச் செய்து பார்த்தார்கள். கலந்ததைப் பிரிக்க முடிந்தவன் யாரும் இல்லை. வெயிலம்மாவின் பொருள் என்ன என்றால், மில்லின் கல்லைக் கொத்துவதற்கு முன்னால் சுரண்டி எடுத்த மாவு. இருநூறு வீட்டு மல்லி, இருநூறு வீட்டு மிளகாய், கேப்பை, கம்பு, சீரகம், யாரோ கஷாயத்துக்கு அரைத்த சுக்கு எல்லாம் எந்த அளவில் ஒட்டியிருந்ததென்று அவளுக்கே தெரியாது. இன்னொரு தடவை செய்யச் சொன்னால் அவளாலேயே ஆகாது. முனீஸ்வரியிடம் வேறு ஒன்று இருந்தது. மசக்கையிலிருந்து மாமியாருக்குத் தெரியாமல் தின்றுவந்த அடுப்படி மூலைச் சுவர்க் காரை, அதில் வருஷக்கணக்காகப் படிந்த புகை, கொஞ்சம் புற்றுமண், அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள்.

கிண்ணம் போனது, கிண்ணம் வந்தது. வெயிலம்மா தன் கரண்டியைப் போட்டுக் கலக்கி நாக்கில் வைத்துக்கொண்டு, "முனீசு" என்றாள். பக்கத்தில் மிளகாய் அரைக்க நின்றிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை. வெயிலம்மாவின் காதில் மட்டும் குரலில்லாத சொல் ஒன்று வந்து உட்கார்ந்தது. "ம்மா."

நாலு மாசத்துக்கு அப்புறம் ஊர் கேட்காமல் கேட்ட சொல். வெயிலம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஓடைக்குள் இருக்கிற வேப்பமரம், நம்மூர்ப் பால்ச்சாமியின் லோடு ஆட்டோ நிற்கும், கொல்லைக்குப் போகிறவள்போல வந்துவிடு. சரிம்மா என்றது சொல். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா எங்க இருக்காரு?" என்று கேட்டது. வெயிலம்மா வாயைத் திறந்தவள், பழக்கத்தில் துணியைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரமும் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள் மாமனைக் கேட்கிறாளே என்று மனசில் ஓடியது. தம்பிப் பயலைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஓடைக்குள் வாகைப்பட்டி ஆட்கள் எட்டுப் பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பால்ச்சாமியின் வண்டிக் கண்ணாடியை உடைத்து, நாலு அறை கொடுத்து, சட்டையில் இருந்த பீடியையும் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

நடந்தது அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்துபோனது, ஏனென்றால் ராஜகனி அதை அடக்கி வைக்கிறவள் இல்லை. வெயிலம்மா அனுப்பிய கிண்ணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தன் சொந்தப் பொருள் போட்ட கிண்ணத்தைத் தாய் அனுப்பியதென்று மருமகளிடம் கொடுத்திருக்கிறாள். மருமகள் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு, அதே தன் பொருள் போட்ட இன்னொன்றை மகள் அனுப்பியதென்று தாய்க்கு அனுப்பியிருக்கிறாள். வைத்துக்கொண்ட இரண்டிலும் தன் பொருள் ஒரு கரண்டி, வலப்பக்கம் ஒரு கிண்ணம், இடப்பக்கம் ஒரு கிண்ணம். இதை நக்கினால் தாயிடம் மகள், வாயைக் கொப்பளித்துவிட்டு அதை நக்கினால் மகளிடம் தாய். குரல்தான் கிடையாதே, யாருக்குத் தெரியப்போகிறது.

"என்ன மதினி, உன் மகள் நல்லாப் பேசுனாளா?" என்று கேட்டாள். பன்னிரண்டு ஊரும் அன்றைக்கு ராஜகனி பக்கம்தான் சிரித்தது.

வெயிலம்மா நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். குழம்பில் தப்பில்லை. குழம்பு யார் கையிலிருந்து வந்ததென்று தெரியாமல் வாயில் வைத்ததுதான் தப்பு. அதைச் சொல்ல ஒருத்தி வேண்டும், இரண்டு ஊரும் நம்புகிற ஒருத்தி. அப்படி ஒருத்திதான் இருந்தாள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் கையில் ஏந்தின மருத்துவச்சி காமுத்தாய். சின்ன வயசில் அரிவாள் பட்டு அவள் கட்டைவிரலில் குறுக்காக ஒரு பிளவு. பிள்ளைக்குக் கொடி அறுத்ததும் சுண்ணாம்பில் அந்த விரலைத் தோய்த்து அந்த வீட்டு நிலையில் ஒரு ஒற்று ஒற்றிவிட்டுத்தான் கை கழுவுவாள். இரண்டு ஊரிலும் அந்த விரல் இல்லாத நிலைக்கதவு கிடையாது. வெள்ளையடிக்கிறவன்கூட அதைச் சுற்றித்தான் அடிப்பான். வேறு எவள் விரலை ஒற்றினாலும் குழந்தைகூட இது காமுத்தாய் விரல் இல்லை என்று சொல்லிவிடும்.

காமுத்தாய் நல்ல சொல் பேசுகிறவள் இல்லை. வெயிலம்மா போய் நின்றதும், உன் பொய்யையும் உன் சம்பந்தக்காரி திமிரையும் தினம் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போய்விட்டது, போ என்றாள். அப்புறம் வயிறு என்று வந்ததால் எழுந்து வந்தாள். வரும்போதே பன்னிரண்டு ஊருக்கும் கேட்கச் சொன்னாள்.

"நான் யாரு சேதியும் தூக்க மாட்டேன். உள்ள என்ன போட்டாங்கன்னும் பாக்க மாட்டேன். இந்தக் கிண்ணம் இன்னார் கையால கலந்தது, அதை மட்டும் என் விரல் சொல்லும். அவ உனக்கு நல்லவளா கெட்டவளாங்கிறத என் விரல் சொல்லாது."

வெயிலம்மா அவள் கண் முன்னால் கலந்தாள். காமுத்தாய் மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவைப் பூசி விரலை ஒற்றினாள். வாகைப்பட்டியில் ராஜகனி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். ஒட்டுவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்திருந்த ஒரு கரண்டிக் குழம்பைக் காமுத்தாய் அவளிடம் நீட்டி, இந்தா நக்கிக்கோ, இதில் ஒளிவு மறைவு கிடையாது என்றாள். முனீஸ்வரி நிலையில் இருந்த விரலையும் மாவில் இருந்த விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தாள். அவள் கலந்த கிண்ணத்திலும் அப்படியே, ராஜகனிக்கு ஒரு கரண்டி, அப்புறம் மாவு, அப்புறம் விரல். நரிச்செவலில் வெயிலம்மா தன் வீட்டு நிலையில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி முனீஸ்வரி பிறந்த அன்றைக்கு ஒற்றிய விரலோடு அதை வைத்துப் பார்த்தாள். அதே பிளவு.

ராஜகனி விட்டுவிடுகிறவளா. இரண்டு கரண்டியையும் ஒன்றாகக் கலந்து நக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பொருளும் அதில் இருந்தது, ஆனால் புளி இரட்டிப்பாக இருந்தது. பாதிப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாள், மல்லியைக் கூட்டிப் பார்த்தாள், மிளகாயைக் கிள்ளிப் பார்த்தாள். ஐந்நூறு பேர் சாம்பாரைச் சொட்டில் பிரிக்கிற நாக்கு அது, இருநூறு வீட்டு மாவுக்கு முன்னால் ஓய்ந்து போனது. பன்னிரண்டு ஊரும் அன்றைக்கு முதல் தடவையாக அவள் தோற்றதைக் கேட்டது. அந்த வாரத்திலேயே காமுத்தாய் வீட்டு வாசலில் கிண்ணமும் கையுமாகச் சனங்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

வெயிலம்மா குழம்பை நாக்கில் வைத்துக்கொண்டு மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "சொல்லு தாயி."

சொல் வந்தது, குரல் இல்லாமல்.

"ம்மா, காலையில இருந்து வலிக்கு. தலை விலாவுக்குக் கீழ முட்டிக்கிட்டு நிக்கு, இறங்கவே இல்ல. நேத்துல இருந்து அசைவும் கம்மி. நெசம்மா."

வெயிலம்மா ஓடையையும் மரத்தையும் வழியையும் சொல்ல வாய் திறந்தாள். மகளின் சொல் நிற்கவில்லை.

"நடக்க முடியாதும்மா. கத்தணும்போல இருக்கு. அன்னைக்கு நடிச்சுக் கத்துனதை எல்லாரும் கேட்டுட்டாங்க. இப்ப நெசமா வலிக்கையில வேற எப்படிக் கத்துறதுன்னு எனக்குத் தெரியல. அதான் சும்மா இருக்கேன். நான் செத்துருவேன்னு நினைக்கேன். உன்மேல கோவமாத்தான் இருக்கு. ஆனா நீ பேசிக்கிட்டே இரு."

வெயிலம்மா மில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். என்னத்தையோ பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள், என்ன பேசினோம் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. திடீரென்று அந்தப் பக்கம் சொல் அறுந்தது. ஒரு திணறல் மட்டும் வந்தது, யாரோ வாயைப் பிடித்து அமுக்கினதுபோல. அப்புறம் வலிக்கு, இறங்கல, செத்துருவேன் என்று மகளின் சொல் விட்டு விட்டு வந்து நின்றுபோனது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள், கூப்பிட்டாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு சொல் வந்து உட்கார்ந்தது.

"நான் ராஜகனி."

வெயிலம்மா குடிக்கத் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

"வாய் அசையுது, சத்தம் வரல. தாடையைப் பிடிச்சு வாய்க்குள்ள விரலை விட்டு, அந்த விரலை நக்குனேன். நீங்க என் மகனை அறுக்கத் திட்டம் போடுறீங்கன்னு நினைச்சேன். எல்லாத்தையும் கேட்டேன். ஊர் கேக்கச் சொன்னதை நான் நம்பல. இதை யாருக்கும் சொல்லல இவ."

இதற்குக் காமுத்தாயின் விரல் இல்லை, குரல் இல்லை, ஒரு அடையாளமும் இல்லை. போன வாரம் மகள் பேரில் வந்து பேசிய வாய். கண்மாய்க் கரையில் எட்டுப் பேரை உட்கார வைத்திருக்கலாம், வெயிலம்மா வந்து இறங்கினதும் அவளை மரத்தில் கட்டி வைத்துவிட்டுத் தம்பிக்குச் சொல்லி அனுப்பலாம். ஆனால் ஏமாற்ற வருகிறவள் முனீசு என்றுதான் சொல்லிக்கொண்டு வருவாள், ராஜகனி என்று சொல்லிக்கொண்டு வர மாட்டாள். வெயிலம்மாவுக்கு அந்த ஒரு பிடிமானம்தான் இருந்தது, கல்லில் ஒட்டின மாவளவு பிடிமானம்.

"வண்டியக் கொண்டா," என்றது சொல். "நேரா வாசலுக்கு."

"மறிப்பாங்களே."

"நான் பாத்துக்கிறேன். நீ வா. தண்ணி குடிச்சிராத."

வெயிலம்மா ஓடிப்போய்ச் சைகை காட்ட, பால்ச்சாமி கண்ணாடி இல்லாத வண்டியை எடுத்தான். அவன் பெண்சாதி போகாதே, போனால் தாலியைக் கழற்றி உன் ஸ்டியரிங்கில் மாட்டிவிடுவேன் என்று சொன்னது பன்னிரண்டு ஊருக்கும் கேட்டது, அவன் போனதும் எல்லாருக்கும் தெரிந்தது. வண்டிக்குள் மூன்று பஞ்சு மெத்தை. வெயிலம்மா முன்னால் உட்கார்ந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தாள். மத்தியான வெயில். முகத்துக்கு நேரே அனல் அடித்தது. கண்மாய்க் கரையில் பனந்தடி ஓரமாகப் புரட்டிப் போட்டிருந்தது. வாகைப்பட்டித் தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் கம்போடு நின்றார்கள், செல்லத்துரை ஒற்றைக் கண்ணோடு நடுவில் நின்றான். நின்றவன் கொஞ்சம் நகர்ந்தான், ஏனென்றால் ராஜகனி வாசலில் நின்றுகொண்டு வாயைத் திறந்துவிட்டாள். வாசலில் இருந்த வாளித் தண்ணீரைத் தொடவில்லை. ருசி நாக்கில் இருக்கும்போதே அத்தனை ஊருக்கும் கேட்கப் பேச அவளுக்கு ஒரு வழி இருந்தது. குழம்பு படாத வெற்றிலையைக் கன்னத்தின் ஒரு பக்கம் அடக்கிக்கொண்டாள். அந்தப் பக்கமாகப் பேசினால் ஊருக்கு, இந்தப் பக்கமாகப் பேசினால் வெயிலம்மாவுக்கு. ஐந்நூறு பேருக்குச் சமைக்கிறவளின் நாக்குக்கு அது ஒரு வேலையில்லை.

"வாடி கண்ணைப் புடுங்குன குடும்பத்துக்காரி," என்றாள், பன்னிரண்டு ஊரும் கேட்டது. "என் வீட்டுல தீட்டு ஆக வேண்டாம்னுதான் தூக்கிட்டுப் போகச் சொல்லுதேன். பிள்ளை பிறந்த மறுநாள் உன் தம்பி தலை என் வாசலுக்கு வரணும்."

"தலையணைய இடுப்புக்குக் கீழ குடு," என்றாள், வெயிலம்மாவுக்கு மட்டும் கேட்டது. "இடப்பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வை."

"நாசமாப் போவே. உன் மில்லு இடிஞ்சு விழும்."

"பள்ளிக்கூடத்துக்கிட்ட ரெண்டு வேகத்தடை இருக்கு. மெல்லப் போகச் சொல்லு."

வெயிலம்மாவும் பதிலுக்கு வைய வேண்டும் என்று பார்த்தாள், ஊருக்குக் கேட்க வேண்டுமானால் ருசியைக் கழுவ வேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. அவள் பதில் பேசாமல் மகளைத் தூக்கிக்கொண்டு போனதைத்தான் வாகைப்பட்டி ரொம்ப நாள் வெற்றியாகச் சொல்லிக்கொண்டது.

டவுன் ஆஸ்பத்திரி பன்னிரண்டு ஊருக்கும் கடைசி ஊரில், எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், ரத்தம் வேண்டும், நேரமாகும் என்றார்கள். வெயிலம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்தாள். டீ வாங்கிக் கொடுத்தார்கள், தொடவில்லை. சாயங்காலம் ஆனது. காதில் சொல் வந்தது. "ஆச்சா?" இன்னும் இல்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் வாகைப்பட்டியிலிருந்து ராஜகனி தன் கொழுந்தன் மகனிடம் தவசியை எந்தெந்த ஊரில் தேட வேண்டும் என்று சத்தமாகச் சொல்வது கேட்டது, பன்னிரண்டு ஊரோடு சேர்ந்து வெயிலம்மாவும் கேட்டாள். அது முடிந்ததும் மறுபடி சொல். "ஆச்சா?" இராப்பொழுது முழுக்க அப்படித்தான். அந்தப் பக்கம் ஒருத்தி சோறு தண்ணீர் இல்லாமல் குந்தியிருந்தாள், இந்தப் பக்கம் ஒருத்தி. இரண்டு பேர் தொண்டையும் வற்றிப்போய்ச் சொல்லே அறுந்து அறுந்து வந்தது. ஒருத்திக்கொருத்தி ஆறுதலாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அழுகை. இன்னும் எதுவும் படாத நாக்கு அது. அதனால் அது பன்னிரண்டு ஊருக்கும் விழுந்தது, உழுதுகொண்டிருந்தவன் காதில், பஸ்ஸுக்கு நின்றவள் காதில், எல்லாருக்கும். நர்ஸ் வந்து பொம்பளைப் பிள்ளை, தாயும் தப்பித்துவிட்டாள் என்றாள்.

வெயிலம்மா சொல்ல வாயெடுத்தாள். சொல்வதற்குள் அந்தப் பக்கம் ருசி அறுந்தது. அப்படியே நூல் அறுந்ததுபோல வெயிலம்மாவுக்கு நாக்கில் தெரிந்தது. ராஜகனி தண்ணீர் குடித்துவிட்டாள்.

ஒரு செம்பு குடிக்கிற நேரம் ஆனது. அப்புறம் அவள் குரல், முழுக் குரலாக, நல்ல ஈரத்தோடு, பன்னிரண்டு ஊர் காதிலும் விழுந்தது.

"ஏ மதினி, உன் தம்பி எங்கடி?"